அடையாறு முகத்துவாரம்: ஆண்டுதோறும் வெட்டியும் ஏன் அடைந்துகொள்கிறது?

#1 நீர்வழி

வணக்கம் நண்பர்களே. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒவ்வோர் ஆண்டும் அடையாறு கடலில் சேரும் இடத்தில் பொக்லைன் இறங்கி மணலை வெட்டுகிறது. மழை முடிந்து தை, மாசி வந்தால் வாய் சுருங்குகிறது. சித்திரை வைகாசியில் சில நாள் முழுக்க மூடியே கிடக்கிறது. இது பராமரிப்புக் குறைபாடா, இல்லை ஆற்றின் இயல்பே இதுதானா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புதிதாக வாசிப்பவர்களுக்காக ஆற்றின் போக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீளம் சுமார் 42 கிலோமீட்டர். கூடுவாஞ்சேரிப் பக்கம் ஆதனூர் ஏரி, மணிமங்கலம் பக்கம் ஏரிகள், ஒரத்தூர், சோமங்கலம் இவற்றின் உபரிநீர் எல்லாம் சேர்ந்துதான் ஆறு பிறக்கிறது. மலையில் ஊற்றெடுத்து வரும் ஆறு இல்லை இது. மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் தாண்டி வரும்போது திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிக் கால்வாய் கலக்கிறது. பிறகு அனகாபுத்தூர், விமான நிலைய ஓடுபாதைப் பாலத்தின் அடிப்புறம், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாகத் திரு.வி.க. பாலத்தைக் கடக்கிறது. கடைசியில் தெற்கே ஊரூர் குப்பம், வடக்கே சீனிவாசபுரம், நடுவில் வாய்.

#2 அளவுகோல்

நல்ல கேள்வி. வாய் திறந்திருக்குமா மூடுமா என்பதை முடிவு செய்வது இரண்டு சக்திகள். ஒன்று, அலையும் கரையோர நீரோட்டமும் கொண்டுவந்து போடும் மணல். மற்றொன்று, தினமும் இரண்டு முறை உள்ளே ஏறி இரண்டு முறை வெளியே வடியும் கடல்நீர். கோடையில் ஆற்றுக்கென்று நன்னீர் ஓட்டம் கிடையாது, ஆகவே மணலை வெளியே தள்ளுகிற வேலை முழுக்க ஏற்றவற்றத்தின் தலையில் விழுகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கீழே வருபவை எடுத்துக்காட்டு எண்கள், அளந்தவை அல்ல. கழிமுகத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நனைந்து காயும் பரப்பு 1 சதுர கிலோமீட்டர் என்றும், உள்ளே நீர்மட்டம் 80 சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு ஏற்றத்தில் உள்ளே வருவது 8 லட்சம் கனமீட்டர். அது சுமார் 6 மணி நேரத்தில் வடிய வேண்டும். சராசரியாக நொடிக்கு 37 கனமீட்டர், அதாவது ஏறக்குறைய 1,300 கன அடி. உச்ச நேரத்தில் இதைப்போல் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல், 58 கனமீட்டர் அளவு. மணல் வாயைத் தானே சுத்தமாக வைத்துக்கொள்ள நீர் நொடிக்குச் சுமார் 1 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். அப்படியென்றால் இந்தக் கழிமுகம் தன் பலத்தில் தாங்கக்கூடிய வாய் 58 சதுர மீட்டர், உத்தேசமாக 40 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம்.

இப்போது 100 மீட்டர் அகலத்துக்கு வெட்டுகிறோம் என்று வையுங்கள். அதே நீர் அகன்ற வாயில் ஓடுவதால் வேகம் பாதிக்கும் கீழே போய்விடும். மணல் உள்ளே தங்கும். சில வாரங்களில் பழைய 40 மீட்டருக்கு வந்து நிற்கும். அகலமாக வெட்டியும் தங்கவில்லை என்று புகார் எழுவது இதனால்தான். வாயின் அளவை வெளியே நிற்கும் இயந்திரம் தீர்மானிப்பதில்லை, உள்ளே எவ்வளவு நீர் வந்து போகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

#3 ஊரூர்க்காற்று

அளவுகோல் சொன்னது சரி. மணல் பக்கத்தை நான் சொல்கிறேன்.

பங்குனியிலிருந்து புரட்டாசி வரைக்கும் தெற்கிலிருந்து காற்றும் அலையும் சாய்வாக வந்து அடிக்கும். கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வடக்கே போகிற நீரோட்டத்தைக் குப்பங்களில் தெண்டி என்பார்கள். வாடைக்காலத்தில் அது திரும்பி வடக்கிலிருந்து தெற்கே வரும், அது வண்ணி. தெண்டிக்குத்தான் மாதங்களும் அதிகம், சுமக்கும் மணலும் அதிகம். வருஷக் கணக்கு முடிக்கும்போது மணல் வடக்கே நகர்ந்திருக்கும்.

அதனால்தான் ஊரூர் பக்கத்திலிருந்து மணல்திட்டு விரல் மாதிரி வடக்கே நீண்டு வரும். வாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சீனிவாசபுரம் பக்கம் ஒதுங்கும். ஒதுங்க ஒதுங்க ஆறு கடலுக்குப் போகிற வழி நீளும், வளையும், வேகம் செத்துவிடும். பிறகு ஒரு கொந்தளிப்பான நாளில் அலை திட்டின்மேல் ஏறி மணலை உள்ளே கொட்டினால் கதை முடிந்தது.

வாயருகே உடைந்த பாலம் நிற்பதே இதற்குச் சாட்சி. 1967-ல் மீனவர்கள் கரை கடக்கக் கட்டியது, 1977-ல் ஒரு பகுதி இடிந்தது. வாய் இடம் மாறுகிற ஆற்றின் முகத்தில் தூண் நட்டால் ஒரு வருஷம் மணலில் நிற்கும், அடுத்த வருஷம் ஓட்டத்தின் நடுவில் நிற்கும்.

#4 நீர்வழி

அப்படியானால் வாயை விட்டுவிட்டு உள்ளே தூர்வாரி ஆழப்படுத்தினால் போதுமா? திரு.வி.க. பாலம் வரை சேறு ஏறிக் கிடக்கிறதே.

#5 அளவுகோல்

இங்கேதான் பல திட்ட அறிக்கைகள் சறுக்குகின்றன. வற்றத்தின் மட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழம் தோண்டினாலும் அந்தக் குழியில் நீர் எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். ஏறி இறங்கும் நீர் அதனால் ஒரு குடம்கூடக் கூடாது. கூட வேண்டுமானால் ஏற்ற மட்டத்துக்கும் வற்ற மட்டத்துக்கும் இடைப்பட்ட பரப்பு கூட வேண்டும். சேறு மேடிட்டு அந்த உயரத்தைத் தாண்டிப் போன இடங்கள், கட்டட இடிபாடு கொட்டி நிரப்பிய ஓரங்கள், மதகோ குழாயோ இல்லாமல் சாலை போட்டு அடைத்த கிளைக்கழிகள் இவைதான் மீட்க வேண்டியவை.

ஆழப்படுத்துவதில் ஒரே ஒரு நன்மை உண்டு. ஒடுங்கலான இடங்களில் உராய்வு குறைந்து, ஏற்றம் மேலே வரைக்கும் எட்டும். ஆனால் அந்த அளவுக்கு மட்டும்தான். கண்மூடித்தனமாக மூன்று நான்கு மீட்டர் குழிகள் தோண்டினால் கனமான உப்புநீர் அடியில் தேங்கும், உயிர்வளி (ஆக்சிஜன்) தீரும், அழுகும். பிறகு வாய் திறக்கிற நாளில் அந்தக் கருநீர் மொத்தமாகக் கிளம்பி மீனைக் கொல்லும்.

#6 ஊரூர்க்காற்று

வாய் வெட்டும் முறையையும் எழுதிவைக்கிறேன். ஒப்பந்த வேலையில் சொதப்புவது பெரும்பாலும் நாள் பார்ப்பதில்தான்.

அமாவாசை, பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பின்னாக வெட்ட வேண்டும். அப்போதுதான் ஏற்றவற்ற வித்தியாசம் அதிகம், சென்னையில் சுமார் ஒரு மீட்டர் வரும். அஷ்டமி, நவமி ஒட்டி வித்தியாசம் அதில் பாதிகூட இருக்காது. அந்த நாளில் திறந்தால் நீர் தயங்கி நிற்கும், அடுத்த அலையே மூடிவிடும்.

வெட்டை ஆற்றுப் பக்கத்தில் தொடங்கிக் கடலை நோக்கி வர வேண்டும். கடல் ஓரத்தில் ஐந்தாறு மீட்டர் மணல் அணையைக் கடைசி வரை விட்டுவைக்க வேண்டும். உள்ளே நீர் வெளியேயுள்ள கடலைவிட ஒன்றரை அடியாவது உயர்ந்து நிற்க வேண்டும். ஏற்றம் உச்சிக்குப் போய் வற்றம் தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து அணையை உடைத்தால், மீதி வேலையை ஆறே செய்யும். உடைத்த இடத்தில் முதலில் முழங்கால் அகலத்துக்கு நீர் வழியும். கால் மணி நேரத்தில் இரண்டு பக்கமும் மணல் செங்குத்தாக அரிந்து, ஆள் உயரப் பாளம் பாளமாகச் சரிந்து விழும். விழுந்த பாளம் கரைவதற்குள் அடுத்தது விழும். ஆறு மணி நேர வற்றத்தில் பொக்லைன் இரண்டு நாளில் அள்ளுவதை இது அள்ளிக்கொண்டு போகும்.

அள்ளிய மணலை எங்கே போடுவது என்பது இன்னொன்று. வெட்டின் இரு கரையிலும் குவித்துவிட்டுப் போனால் முதல் பெரிய அலையே அதைத் திரும்ப உள்ளே தள்ளும். தெற்குப் பக்கம் போட்டால் தெண்டி அதை வாய்க்கே கொண்டுவரும். வடக்கே, சீனிவாசபுரம் கரை அரிக்கிற இடத்தில் பரப்ப வேண்டும். அங்கே மணல் தேவையும்கூட.

#7 அலையாத்தி

ஒரு சேர்க்கை. தை மாதம் முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரைகளில் முட்டையிடுகின்றன. அந்த மாதங்களில் திட்டின் கடல்முகத்தில் இரவில் இயந்திரமும் விளக்கும் இருந்தால் ஆமை ஏறாமல் திரும்பிவிடும். இட்ட முட்டையின்மேல் மணல் கொட்டினால் குஞ்சு மூச்சுமுட்டிச் சாகும். அந்தப் பருவத்தில் வேலை தவிர்க்க முடியாததென்றால் காலையில் தடம் பார்த்து, கூடு இருந்தால் ஆமைப் பாதுகாப்புக் குழுவுக்குச் சொல்லி மாற்றிய பிறகே தொடங்க வேண்டும்.

#8 கலங்கல்

விவாதம் முழுக்கக் கடைசி இரண்டு கிலோமீட்டரிலேயே நிற்கிறது. மேலே வாருங்கள். வாயைத் திறந்தால் வெள்ளம் வராது என்று முடிச்சூர், வரதராஜபுரம் மக்களுக்குச் சொல்லப்படுவது தவறு. அங்கே தரை கடல்மட்டத்துக்குப் பல மீட்டர் மேலே. வாயின் விளைவு பின்னோக்கிக் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை அளவில் தெரியும், அதோடு சரி. மேலே வெள்ளம் வருவது ஏரிச் சங்கிலி அறுந்ததால்.

அடையாற்றின் நீர்ப்பிடிப்பில் பெரிதும் சிறிதுமாக ஏராளமான ஏரிகள், தாங்கல்கள். ஒன்றின் கலங்கலில், அதாவது நிரம்பிய ஏரியின் உபரிநீர் வழியும் தடுப்பில், வழிவது அடுத்ததற்கு வரத்து. கலங்கல் என்பது வெறும் சுவர் இல்லை, அதன் நீளம் கணக்குப் பார்த்துக் கட்டப்பட்டது. 30 மீட்டர் நீளக் கலங்கலில் அரை மீட்டர் உயரத்துக்கு நீர் வழிந்தால் நொடிக்குச் சுமார் 18 கனமீட்டர், 635 கன அடி போகும். இப்போது பாதியை மனைச்சுவர் அடைத்து 15 மீட்டர்தான் மிச்சம் என்றால் அதே நீர் வெளியேற ஏரி மட்டம் 79 சென்டிமீட்டருக்கு ஏற வேண்டும். கூடுதலாக ஏறிய அந்த 29 சென்டிமீட்டர் கரையின் பலவீனமான இடத்தைத் தேடிப்போகும். மதகுக் கட்டுமானம் மண்ணோடு சேரும் இடத்தில், எலிவளை இருக்கும் இடத்தில் கசிவு ஆரம்பிக்கும். ஒரு கரை உடைந்தால் கீழே உள்ள ஏரிக்கு ஒரு நாளில் வர வேண்டிய நீர் ஒரு மணி நேரத்தில் வரும், அதுவும் உடையும். கோடைத் தண்ணீர்த் தேவைக்கென்று கலங்கல் மேல் மணல்மூட்டை அடுக்கி ஓரடி உயர்த்துவதும் இதே ஆபத்துதான். ஐப்பசிக்கு முன் எடுக்காமல் மறந்துவிடுகிறார்கள்.

செம்பரம்பாக்கம் பற்றி. முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 22 அடிக்கும் 24 அடிக்கும் இடையே கிடைக்கும் இடம் சுமார் 500 மில்லியன் கன அடிதான். வரத்து நொடிக்கு 10,000 கன அடி என்றால் ஒரு நாளில் 864 மில்லியன் கன அடி. அந்த இரண்டடி 14 மணி நேரத்தில் நிரம்பிவிடும். ஆகவே மழை உச்சத்தில் இருக்கும்போது 22 அடிக்கு மேல் ஏற விட்டால் பிறகு கையில் எதுவும் இருக்காது, வருவதை அப்படியே விட வேண்டியதுதான். 2015 டிசம்பர் 1 அன்று நடந்தது அதுதான், வெளியேற்றம் 29,000 கன அடிக்குப் போனது. அன்று தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை.

ஆனால் ஏரியை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. ஏரியின் கட்டுப்பாட்டில் வராத நீர்ப்பிடிப்பு பெரிது. 100 சதுர கிலோமீட்டரில் 40 சென்டிமீட்டர் மழை விழுந்து அதில் பாதி ஒரே நாளில் ஓடினால் 2 கோடி கனமீட்டர், சுமார் 700 மில்லியன் கன அடி. அதுவே சராசரியாக 8,000 கன அடிக்கு மேல். எந்த மதகையும் திறக்காமல் வருகிற நீர் இது. மதகு திறப்பு அறிவிப்பில் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை என்று ஊர் ஊராகப் பெயர் வருகிறது. மண்ணிவாக்கம் பக்கத்துக் கிளைக்கு அப்படி ஓர் எச்சரிக்கை வரிசை இல்லாதது எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம்.

#9 பழஞ்சாலை

கலங்கல் அண்ணா திருநீர்மலையைச் சொன்னதும் ஒன்று. திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததால் ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்பது தலபுராணம். பெயரே நீர்மலை. செம்பரம்பாக்கம் உபரிநீரும் ஆதனூர்க் கிளையும் சந்திக்கும் இடம் அதுதான் என்று வரைபடத்தில் பாருங்கள். அந்தத் தாழ்நிலத்தில் நீர் பரந்து நிற்பதை முன்னோர் பெயரில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

பழைய குடியிருப்புகள் எங்கே உட்கார்ந்தன என்று கவனித்தால் ஒழுங்கு தெரியும். குன்றத்தூர், திருநீர்மலை, பரங்கிமலை, சின்னமலை எல்லாம் மேடு அல்லது பாறை. நடுவில் உள்ள படுகை நெல்வயல். அனகாபுத்தூரிலும் சைதாப்பேட்டையிலும் நெசவு நிலைத்ததற்கு ஆற்றுநீர் ஒரு காரணம், சாயம் தோய்க்கவும் துணி வெளுக்கவும் ஓடும் நன்னீர் வேண்டும். சைதாப்பேட்டையில் ஆற்றைக் கடக்க 1726-ல் அர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் தன் பணத்தில் பாலம் கட்டினார். அந்த இடத்தில்தான் இன்று மறைமலை அடிகள் பாலம்.

கடல் பக்கம் கதை வேறு. 1746-ல் பிரெஞ்சுப் படை ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்துச் சண்டையிட்டது இந்தக் கழிமுகத்தில்தான். வீரர்கள் ஆற்றில் இறங்கி நடந்தே கடந்தார்கள். வாய் அகலமும் ஆழமுமாக எப்போதும் திறந்து கிடந்தது, நாம்தான் கெடுத்தோம் என்ற பேச்சு முழு உண்மை இல்லை என்பதற்கு இது ஒரு சான்று. ஆழமில்லாத, மணல் ஏறி இறங்கும் வாய்தான் அன்றும். அங்கே எல்பின்ஸ்டன் பாலம் 1842-ல் வந்தது, அதன் பக்கத்தில் திரு.வி.க. பாலம் 1973-ல். பிரம்மஞான சபை 1882-ல் தென்கரையில் குடியேறியதால் அந்தக் கரை மரங்களோடு தப்பியது. எதிர்க்கரையில் அந்தக் காப்பு இல்லை.

2015-க்குப் பிறகு கரையோரக் குடிசைகளில் இருந்தவர்களைப் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு மாற்றினார்கள். அது பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம், அதுவும் நீர் நிற்கும் தாழ்நிலம். வேலையும் பள்ளியும் சைதாப்பேட்டையில், வீடு இருபது கிலோமீட்டர் தள்ளி. ஆற்றின் படுகையில் நிற்கும் மருத்துவமனை, அலுவலக வளாகம், ஓடுபாதை எல்லாம் அப்படியே இருக்க, எளியவர்களை மட்டும் ஆக்கிரமிப்பாளர் என்று பெயரிட்டு நகர்த்துவது நீரியல் ஆகாது.

#10 நீர்வழி

பழஞ்சாலை, கடைசிப் பத்தியோடு முழு உடன்பாடு. ஒரு கேள்வி மட்டும் பாக்கி. கூவம் முகத்தில் கற்சுவர் போட்டது போல இங்கேயும் இரண்டு பக்கம் சுவர் நீட்டினால் வாய் நிலைக்காதா?

#11 அளவுகோல்

வாய் ஓரளவு நிலைக்கும். விலை வேறிடத்தில் கொடுக்க வேண்டும். வடக்கே நகரும் மணலைத் தெற்குச் சுவர் பிடித்துக்கொள்ளும். அங்கே கடற்கரை அகலும், வடக்கே பட்டினி. துறைமுகத்தின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே இராயபுரம் தொடங்கிக் கரை கல் போட்டுக் காக்க வேண்டிய நிலைக்கு வந்ததும் இதே விதிப்படிதான். இங்கே சுவர் போட்டால் முதல் அடி சீனிவாசபுரம், பட்டினப்பாக்கம் வீடுகளுக்கு. 2004 சுனாமியில் கடுமையாக அடிபட்ட இடம் அது. தெற்கே சேரும் மணலை ஆண்டுதோறும் குழாய் வழியே வடக்கே அனுப்புவோம் என்று உறுதி இருந்தால்தான் பேச வேண்டும். அந்தச் செலவை ஒரு வருஷம் நிறுத்தினாலும் அரிப்பு தொடங்கிவிடும். சுவர் நுனியைத் தாண்டி மணல் வழியத் தொடங்கினால் வாயும் மறுபடி அடையும். எனக்கு இதில் ஒப்புதல் இல்லை.

இன்னொன்று: வங்கக்கடலின் சராசரி மட்டமே ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையில் கோடையைவிட ஏறக்குறைய ஒரு சாண் உயர்ந்து நிற்கும். ஆற்றில் வெள்ளம் வரும் அதே மாதங்கள். வாய் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த ஒரு சாணைக் கழித்துத்தான் வடிகால் கணக்குப் போட வேண்டும். கோடை மட்டத்தை வைத்து வரைந்த வடிகால் வரைபடங்களில் குழாய் வாய் நீருக்குள் மூழ்கிவிடுவது இதனால்தான்.

#12 அலையாத்தி

உயிர்ச்சூழலுக்கு வாய் அடைவது என்ன செய்கிறது என்று எழுதுகிறேன். பலர் அலையாத்தி நட்டால் ஆறு உயிர்த்துவிடும் என்று நினைக்கிறார்கள்.

அலையாத்தியில் ஒரு வகையான வெண்கண்டல் மரத்தடியில் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பவை மூச்சுவேர்கள். உயரம் பெரும்பாலும் ஒரு சாணுக்குள். தோலில் கண்ணுக்குத் தெரியும் சின்னப் புள்ளிகள் வழியாகக் காற்று உள்ளே போகிறது. வற்றத்தில் இவை வெளியே தெரிந்து காற்று வாங்க வேண்டும், அதுதான் மரத்துக்கு உயிர். வாய் மூடியதும் என்ன ஆகிறது? அளவுகோல் எடுத்துக்கொண்ட அதே 1 சதுர கிலோமீட்டர் கழிமுகத்துக்கு மேலிருந்து நொடிக்கு 100 கன அடி கழிவுநீர் வருவதாக வைத்தால் ஒரு நாளில் சுமார் 2.45 லட்சம் கனமீட்டர். நாளுக்கு 24 சென்டிமீட்டர் ஏற்றம். திட்டின் வழியே கசிவதும் ஆவியாவதும் கொஞ்சம் கழித்தாலும் மூன்று நாளில் மூச்சுவேர் முழுக்க நீருக்கடியில். இரண்டு மூன்று வாரம் அப்படியே நின்றால் இலை மஞ்சளாகி உதிரும்.

நடும்போது நடக்கும் தவறு வேறு. ஏற்றவற்ற இடைவெளியின் மேல்பாதியில், நாளுக்குச் சில மணி நேரம் மட்டும் நனையும் மட்டத்தில் நட வேண்டும். கீழே வெறும் சேற்றுப்பரப்பில் வரிசையாக நட்டால் நாற்று அழுகும். அதைவிடப் பெரிய இழப்பு, அந்தச் சேறுதான் உள்ளான், உப்புக்கொத்தி போன்ற கரைப்பறவைகள் புழு தேடும் மேய்ச்சல் நிலம். வெற்றுச் சேறு என்று நாம் சொல்வது அவற்றுக்கு வெறுமை இல்லை. உமிரிச் செடி தரையை மூடியிருக்கும் மேட்டையும் தரிசு என்று தோண்டிவிடக் கூடாது. 2011-ல் திறந்த தொல்காப்பியப் பூங்காவின் 58 ஏக்கரில் இடிபாடுகளை அகற்றிக் கழிக்கு மறுபடி நீர் வர வழிசெய்தார்கள். அங்கே நடவைவிட அந்த மீட்புதான் முக்கியமான வேலை.

சேற்றையும் பார்க்க வேண்டும். ஒரு குழாயை முழங்கை ஆழத்துக்குச் செருகி எடுத்தால் மேலே ஒரு விரற்கடை பழுப்பு, அதற்குக் கீழே மை போல் கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். கடல்நீரில் உள்ள சல்பேட்டைக் கொண்டு கழிவைத் தின்னும் நுண்ணுயிரிகள் விடும் வாயு அது. பழுப்பு அடுக்கு தடிக்கத் தடிக்க ஆறு தேறுகிறது என்று பொருள். பழுப்பே இல்லாமல் மேலிருந்து கறுப்பு என்றால் அங்கே புழுகூட இருக்காது.

#13 ஊரூர்க்காற்று

மீன் பக்கம் இரண்டு வார்த்தை. வெள்ளை இறால் கடலில் முட்டையிடும், குஞ்சு கழிக்குள் ஏறி வளர்ந்து மறுபடி கடலுக்குப் போகும். மடவையும் முட்டையிடக் கடலுக்குப் போக வேண்டிய மீன். கொடுவாவும் அப்படியே. வாய் மூடியிருந்தால் உள்ளே இருப்பது வெளியே போகாது, வெளியே இருக்கிற குஞ்சு உள்ளே வராது. ஜிலேபி மீன் மட்டும் எதற்கும் அசையாது, கழிவுநீரிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். வீச்சு வலையில் ஜிலேபியே விழுகிறதென்றால் வாய் ரொம்ப நாளாக மூடிக்கிடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பல வாரம் மூடிக்கிடந்த வாயைத் திடீரென்று திறக்கும்போதும், கோடைமழை முதல் நாள் தெருக்கழிவை அடித்துவரும்போதும் மீன் மிதக்கும். விடியற்காலையில் மடவை மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடினால் உயிர்வளி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த மீனைப் பிடித்து விற்கக் கூடாது. மழைக்காலத்தில் பட்டினப்பாக்கம் கரையில் ஒதுங்கும் வெள்ளை நுரையும் இதே கழிவின் வேலைதான். சோப்பும் சலவைத்தூளும் சுத்திகரிக்காமல் வந்து அலையில் கடைபடுகிறது. பிள்ளைகள் அதில் விளையாடுவதைப் பார்த்தால் தடுக்க வேண்டும்.

#14 நீர்வழி

எல்லாருக்கும் நன்றி. உள்ளே வந்து போகும் நீர்தான் வாயைத் தீர்மானிக்கிறது என்றால், அது கூடுகிறதா குறைகிறதா என்று பொதுமக்கள் கண்காணிக்க எளிய வழி உண்டா?

#15 அளவுகோல்

உண்டு, செலவும் பெரிதில்லை. சென்டிமீட்டர் குறியிட்ட இரண்டு மீட்டர் அளவுபலகை ஒன்று. கரையில் நின்று பார்த்தால் தெரிகிற மாதிரி உடைந்த பாலத்தின் தூண் போன்ற அசையாத ஒன்றில், அனுமதி பெற்றுப் பொருத்த வேண்டும். பூஜ்யக் குறி மிகக் குறைந்த வற்றத்துக்கும் கீழே இருக்க வேண்டும். சேற்றில் குத்திய மூங்கில் கூடாது, அது சாயும், இறங்கும்.

மாதம் இரண்டு நாள் போதும். ஒன்று பௌர்ணமி அல்லது அமாவாசைக்கு மறுநாள், மற்றொன்று அஷ்டமியை ஒட்டி. காலை ஆறு மணியிலிருந்து மாலை ஏழு வரை அரைமணிக்கு ஒரு முறை மட்டத்தைக் குறித்தால் ஓர் ஏற்றமும் வற்றமும் முழுசாகக் கிடைக்கும். அன்றைய துறைமுக ஏற்றவற்ற அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடலில் 100 சென்டிமீட்டர் ஏறி இறங்கும்போது உள்ளே 80 என்றால் வாய் நன்றாக மூச்சு விடுகிறது. 50 என்றால் ஒடுங்குகிறது. 20-க்கு வந்து, உச்சம் வரும் நேரமும் கடலைவிட இரண்டு மணி நேரம் பிந்தினால் அடைவதற்கு அதிக நாள் இல்லை, வெட்டுக்கு ஆயத்தம் செய்யலாம்.

மழை பெய்த நாளின் குறிப்பை இதில் கலக்காதீர்கள், தனித்தாளில் எழுதுங்கள். மேலிருந்து நீர் வந்தால் வற்றம் முழுசாகத் தெரியாது.

#16 கலங்கல்

அதே பலகை ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிக் கலங்கல்களிலும் வேண்டும், பூஜ்யம் கலங்கல் உச்சியில் இருக்கும்படி. கலங்கலுக்கு மேல் எத்தனை சென்டிமீட்டர் வழிகிறது என்று தெரிந்தால் நான் மேலே எழுதிய கணக்குப்படி எத்தனை கன அடி வருகிறது என்று கீழே முடிச்சூருக்குச் சில மணி நேரம் முன்பே சொல்லிவிடலாம். கலங்கல் நீளத்தை இப்போது, ஏரி வற்றியிருக்கும்போதே டேப் பிடித்து அளந்துவிடுங்கள். அடைபட்ட பகுதியைக் கழித்து, நீர் உண்மையில் வழியும் நீளத்தை எழுத வேண்டும்.